வெளுத்ததெல்லாம் பால் அல்ல

தலைமை ஏற்றிருக்கும் பேராசிரியர் அவர்களே, முன்னிலை வகிக்கும் வனத்துறைப் பெரியவர்களே, வரவேற்புரையில் என்னை அளவுக்கு மீறிப் பாராட்டிய செயலாளர் ஐயா அவர்களே, நன்றியுரை வழங்கவிருக்கும் தம்பி அவர்களே, ஆய்வு மாணவர்களே, அனைவருக்கும் வணக்கம். இந்த மேடையில் எனக்கு ஒரு கைலென்ஸ் பரிசளித்தீர்கள். இதைவிடப் பெரிய மரியாதை எனக்கு வேறில்லை.

வெப்பமண்டல மலைக்காட்டில் ஒரு மாஸ், அதாவது ஈரமான பாறையிலும் மரப்பட்டையிலும் வளரும் பூக்காத சிறு பச்சைச் செடி, கையில் கிடைக்கிறது. அது என்ன இனம், எந்தக் குடும்பம், பெயரை எது தீர்மானிக்கிறது? இந்த மூன்றையும் பேசலாம் என்று வந்தேன்.

'வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பாதே' என்பார்கள். மாஸ் படிக்கிறவர்களுக்காகவே சொல்லி வைத்ததுபோல இருக்கும். நான் மாணவனாக இருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். மூன்று நாள் மழையில் மலை ஏறினோம். கால் முழுக்க அட்டைக்கடி. ஒரு மரத்தின் அடியில் வெளிறிய பச்சையில், மெத்தைபோல ஒரு மாஸ். எனக்குத் தலைகால் புரியவில்லை. மாதிரி வைக்கும் காகித உறையில் போட்டு, வெளுப்புக்குப் பேர்போன மாஸ் பேரினமான 'லியூக்கோபிரையம்' என்று பெரிதாக எழுதி ஆசிரியர் முன் வைத்தேன்.

"எப்படித் தெரியும்?" என்றார்.

"வெள்ளையா இருக்கே ஐயா."

அவர் ஒன்றும் பேசவில்லை. ஒரு பிளேடைக் கொடுத்து இலையைக் குறுக்கே சீவச் சொன்னார். முதல் துண்டு தடிப்பு. அடுத்தது கிழிந்தது. அப்புறம் எத்தனை போயிற்றோ, விளக்கு வைக்கும் நேரமாகிவிட்டது. கடைசியில் ஒன்று மெல்லியதாக அமைந்தது. நுண்ணோக்கியில் பார்த்தால், இருபுறமும் பெரிய வெற்றுச் செல்கள், நடுவில் சிறிய பச்சைச் செல்கள். அந்த வெற்றுச் செல்கள்தான் நீரைப் பிடித்து வைக்கின்றன. வெளுப்புக்கும் அவையே காரணம்.

"பச்சைச் செல்லுக்கு எத்தனை மூலை?"

எண்ணினேன். மூன்று. லியூக்கோபிரையம் என்றால் நான்கு இருக்க வேண்டும். உறையைக் கிளறி ஒரு வித்துப்பையை, அதாவது மாஸ் பரவுவதற்கான நுண்ணிய வித்துகள் இருக்கும் சிறு பையை, கண்டுபிடித்தோம். அதன் வாயில் 8 பற்கள். அப்படியென்றால் அது வேறொரு பேரினம், ஆக்டோபிளெபாரம்! எட்டு இமை என்ற பொருளில் வைத்த பெயர். "வெளுத்ததெல்லாம் பால் அல்ல தம்பி" என்று சொல்லிவிட்டு ஆசிரியர் விளக்கை அணைத்தார்.

இந்த இரண்டையும் முன்பு ஒரே குடும்பத்தில்தான் வைத்திருந்தார்கள். வெளுப்பு ஒன்றை வைத்து உறவு சொல்ல முடியாது என்பதைப் பற்களின் அமைப்பும், பிற்பாடு டி.என்.ஏ.வும் காட்டின. இன்று தனித்தனியே வைக்கிறார்கள். மாஸ்களின் அறிவியல் பெயர்களுக்கு, 1801இல் வெளியான, ஹெட்விக் என்ற தாவரவியலாளரின் நூல்தான் தொடக்கம். அதை விரித்துப் பேச இன்று நேரமில்லை, ஏனென்றால் வேறொன்று என் மனதை அரிக்கிறது.

ஓர் இடத்தில், அறை வேண்டும் என்பதற்காகக் கட்டுக்கட்டாக மாஸ் உறைகளைக் குப்பைக்கு அனுப்பியதைப் பார்த்தேன். காய்ந்ததெல்லாம் குப்பை என்பதும் வெளுத்ததெல்லாம் பால் என்பதும் ஒரே தவறு. பல ஆண்டு காய்ந்து கிடந்த மாஸிலும் கொஞ்சம் வெந்நீர் விட்டால் இலை விரியும், இன்றைக்கும் சீவிப் பார்க்கலாம். எந்த மலை, என்ன உயரம், எந்த மரப்பட்டை, எந்த நாள் என்று லேபிள் சொல்லும். காடே போய்விட்டால் அந்த உறைதான் மிச்சம்.

முன்வரிசைப் பெரியவர்களே, ஈரம் புகாத ஓர் அறை, பூட்டோடு அலமாரிகள், பார்த்துக்கொள்ள நிரந்தரமாக ஓர் ஆள். இவ்வளவுதான் கேட்கிறேன். மனு என் பையில் இருக்கிறது. செயலாளர் ஐயா, நன்றியுரைக்கு முன்பே அதைக் கையெழுத்துக்குச் சுற்றி வரச் செய்யுங்கள்.