டெத் மெட்டலின் நதிமூலம்

வந்திருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

நதிமூலம், ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள். ஆனால் டெத் மெட்டல், அதாவது உறுமும் குரலும் அசுர வேகமும் கொண்ட கனமான ராக் இசை, கேட்கிறவர்கள் இரண்டு பேர் ஓரிடத்தில் உட்கார்ந்தால் பேச்சு நேராக மூலத்துக்குத்தான் போகும். முதலில் செய்தது பொசஸ்ட் என்ற குழுவா, டெத் என்ற குழுவா? கலிஃபோர்னியாவா, ஃப்ளோரிடாவா? நானும் பல வருடமாக இந்த வாதத்தில் இருக்கிறேன். இன்றைக்கு என் தீர்ப்பைச் சொல்லத்தான் போகிறேன். அதற்கு முன்னால், எதைச் சாட்சியாக எடுத்துக்கொள்வது என்று பேசியாக வேண்டும். நாம் தப்பான சாட்சியை வைத்துக்கொண்டு வாதாடுகிறோம் என்பது என் எண்ணம்.

முதல் சாட்சி, பெயர். 1984இல் ஜெர்மனியின் நாய்ஸ் ரெக்கார்ட்ஸ் ஒரு தொகுப்பு இசைத்தட்டு வெளியிட்டது. அதன் பெயரே ‘டெத் மெட்டல்’. சரி, இதுதான் தொடக்கம் என்று முடித்துவிடலாமா? அதில் இருந்த குழுக்களைப் பாருங்கள். சுவிட்சர்லாந்தின் ஹெல்ஹாமர் ஒன்று. அதனுடைய இருட்டும் கனமும் பின்னால் வந்த பலரைப் பாதித்தது உண்மை. ஆனால் அதே தட்டில் ஹெலோவீனும் இருந்தது, ரன்னிங் வைல்டும் இருந்தது. ஹெலோவீன் பாட்டைக் கேட்டுவிட்டு அதை டெத் மெட்டல் என்று இன்றைக்கு யாரும் சொல்ல மாட்டார்கள். ஆக, பெயர் மட்டும் போதாது.

இரண்டாவது சாட்சி, ஆல்பம் வெளியான தேதி. பெரும்பாலான வாதங்கள் இதில்தான் நிற்கின்றன. பொசஸ்டின் ‘செவன் சர்ச்சஸ்’ 1985. டெத்தின் ‘ஸ்க்ரீம் பிளடி கோர்’ 1987. இரண்டு வருடம் முந்தியது பொசஸ்ட், வழக்கு முடிந்தது என்பார்கள். இந்தச் சாட்சியையும் நான் நம்புவதில்லை. இந்த இசை பிறந்தது கேசட்டில். தட்டு பிறகுதான் வந்தது.

அந்தக் காலத்தை ஒரு நிமிடம் கண் முன்னால் கொண்டுவாருங்கள். பள்ளிக்கூடம் போகிற பையன்கள் வீட்டு கராஜில் நாலு பாட்டைப் பதிவு செய்கிறார்கள். அந்த டெமோ கேசட்டை, அதாவது மாதிரிப் பதிவை, தபாலில் இன்னொரு ஊருக்கு அனுப்புகிறார்கள். அங்கிருப்பவன் பிரதி எடுத்து அடுத்தவனுக்கு அனுப்புகிறான். தபால்தலை மேல் பசையோ சோப்போ தடவி அனுப்புவார்கள். அந்தப் பக்கம் வாங்கியவன் ஈரத்துணியால் துடைத்தால் முத்திரை மை போய்விடும், அதே தலையை ஒட்டி பதில் அனுப்பலாம். கையில் காசு இல்லை, கேட்கிற பசி அவ்வளவு. பிரதிக்குப் பிரதி இரைச்சல் ஏறும். ஐந்தாவது கைக்கு வரும்போது கிட்டாருக்கும் இரைச்சலுக்கும் வித்தியாசம் தெரியாது. அப்படியும் அதைத் தேய்ந்துபோகும் வரை கேட்டார்கள்.

அந்தக் கேசட்டுகளுக்குப் போவோம். 1984, ஃப்ளோரிடா, ஓர்லாண்டோ பக்கத்திலுள்ள ஆல்டமான்ட் ஸ்ப்ரிங்ஸ். மாண்டாஸ் என்று ஒரு குழு. சக் ஷுல்டினரும் ரிக் ராஸும் கிட்டார். டிரம்ஸ் வாசித்துக்கொண்டே பாடியவர் காம் லீ. இங்கிலாந்தின் நியூகாசிலிலிருந்து வந்த வெனம் குழுவின் கிட்டார்காரருக்கு மேடைப்பெயர் மாண்டாஸ். இவர்கள் யாரைக் கேட்டு வளர்ந்தார்கள் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. டெமோவின் பெயர் ‘டெத் பை மெட்டல்’. அதே வருடமே குழுவின் பெயரும் டெத் என்று மாறியது.

அதே 1984, நாட்டின் மறுகரை, சான் ஃபிரான்சிஸ்கோ வட்டாரம். பொசஸ்ட் ஒரு டெமோ விடுகிறது. பெயர் ‘டெத் மெட்டல்’. பாடி, பேஸ் வாசித்தவர் ஜெஃப் பெசேரா. இந்தப் பெயர் பள்ளியில் ஆங்கில வகுப்பில் தனக்குத் தோன்றியது என்று அவரே சொல்லியிருக்கிறார். மறு வருடம் ஈஸ்டர் விடுமுறையில் போய் ‘செவன் சர்ச்சஸ்’ பதிவு செய்தார்கள். பரீட்சை, விடுமுறை என்று நாள் பார்த்து ஸ்டுடியோவுக்குப் போன பிள்ளைகள்! அந்த ஆல்பத்தின் கடைசிப் பாட்டின் பெயரும் ‘டெத் மெட்டல்’தான்.

ஆக, தட்டில் இரண்டு வருட இடைவெளி தெரிகிறது. கேசட்டில் அந்த இடைவெளியே கிடையாது. டெத்தின் முதல் ஆல்பம் தாமதமானதற்குக் காரணம், சக் ஆள் தேடி அலைந்ததுதான். சான் ஃபிரான்சிஸ்கோ போனார், கனடாவில் டொராண்டோ போய் ஸ்லாட்டர் குழுவில் இரண்டு வாரம் இருந்துவிட்டுத் திரும்பினார், மறுபடி கலிஃபோர்னியா போனார். கடைசியில் டிரம்ஸுக்கு கிறிஸ் ரைஃபர்ட் கிடைத்தார். ‘ஸ்க்ரீம் பிளடி கோர்’ ஆல்பத்தில் கிட்டார், பேஸ், குரல் மூன்றும் சக்தான். வெளியிட்டது காம்பாட் ரெக்கார்ட்ஸ், தயாரிப்பு ராண்டி பர்ன்ஸ். ‘செவன் சர்ச்சஸ்’ ஆல்பத்துக்கும் அதே கம்பெனி, அதே தயாரிப்பாளர். எதிரெதிர் கட்சிகள் போல நாம் பிரித்து வைத்திருக்கும் இரண்டும் ஒரே வாசல் வழியாக வந்தவை.

இந்த வாதத்தில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. மிச்சிகனில் ஃப்ளிண்ட் என்ற கார் தொழிற்சாலை ஊர். அங்கே ஜெனசைட் என்று ஒரு குழு. அதன் ஸ்காட் கார்ல்சனும் மாட் ஒலிவோவும் 1985இல் ஃப்ளோரிடா போய் சக்கோடு டெத்தில் சேர்ந்தார்கள். ஒத்துவரவில்லை, ஊர் திரும்பினார்கள். குழுவின் பெயரை ரிபல்ஷன் என்று மாற்றி 1986இல் ஒரு முழு ஆல்பத்தையே பதிவு செய்தார்கள். வெளியிட ஆளில்லை. அது கேசட்டாகவே கைமாறி இங்கிலாந்து போனது, அங்கே நேபாம் டெத் என்ற குழுவின் ஆட்கள் அதிலிருந்து கற்றுக்கொண்டார்கள். ‘ஹாரிஃபைட்’ என்று அது தட்டாக வந்தது 1989இல். வெளியிட்டவர்கள் இங்கிலாந்தின் கார்கஸ் குழுவின் பில் ஸ்டியரும் ஜெஃப் வாக்கரும். அது கிரைண்ட்கோர் என்ற பக்கத்து வகைதானே, கணக்கில் சேராதே என்று சிலர் சொல்வார்கள். 1986இல் அந்த வேலி போடப்படவே இல்லை. கிக்கும் ஸ்னேரும் மாறி மாறிப் பொழியும் பிளாஸ்ட் பீட்டை இந்த இசைக்குள் கொண்டுவந்ததில் ஃப்ளிண்டின் பங்கு பெரியது. வெளியான தேதியை மட்டும் பார்த்தால் இவர்கள் பின்னால் வந்தவர்கள் போலத் தெரிகிறார்கள். இது அநியாயம்.

ஃப்ளோரிடாவின் மார்பிட் ஏஞ்சல் குழுவின் கதையும் இதேதான். 1986இல் ஒரு ஆல்பம் பதிவு செய்தார்கள், திருப்தியில்லாமல் ஒதுக்கிவிட்டார்கள். 1989இல் ‘ஆல்டர்ஸ் ஆஃப் மேட்னஸ்’ வந்தபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. டாம்பாவின் மாரிசவுண்ட் ஸ்டுடியோ, ஸ்வீடனின் சன்லைட் ஸ்டுடியோ, இவையெல்லாம் அதையொட்டிய கதை. அதை இன்னொரு நாள் பேசலாம்.

இப்போது என் தீர்ப்பு. ‘செவன் சர்ச்சஸ்’ ஆல்பத்தின் எலும்புக்கூடு, டெத் மெட்டலுக்கு முன்பே இருந்த த்ராஷ் என்ற வேக மெட்டல்தான். அந்த வகையின் ஸ்லேயர் குழுவின் சாயல் நன்றாகத் தெரிகிறது. ஆனால் கிட்டாரை மேலும் கீழுமாகச் சிதறடித்து மீட்டும் அந்த விதம், பாட்டு ஒரு இடத்தில் நிற்காமல் திசை மாறிக்கொண்டே போவது, மெட்டை விட்டு மிருகத்தின் பக்கம் போகிற அந்தக் குரல், இந்த மூன்றும் ஒரே இடத்தில் முதன்முதலாக முழு உருவில் சேர்ந்தது அங்கேதான். முதல் பெயர் ஒன்றே ஒன்று சொல் என்றால் பொசஸ்ட் என்பேன். அடிவயிற்றிலிருந்து வரும் உறுமலை, இன்றைக்கு டெத் மெட்டல் என்றதும் காதில் கேட்கும் அந்தக் குரலை, ஃப்ளோரிடாவுக்குக் கொடுப்பேன். த்ராஷ் வாடையைக் கழற்றிப்போட்டுத் தனி உடல் கொடுத்தது சக்.

டெத் மெட்டலின் தந்தை என்ற பட்டத்தை அவரோ ஏற்றுக்கொண்டதே இல்லை. தான் ஒரு குழுவில் இருக்கிற ஆள், டெத் ஒரு மெட்டல் குழு, அவ்வளவுதான் என்ற பொருளில்தான் பேசினார். 2001 டிசம்பர் 13 அன்று மூளைப் புற்றுநோயால் போனபோது வயது 34. பெசேரா 1989இல் ஒரு வழிப்பறியில் சுடப்பட்டார், கால்கள் செயலிழந்தன. பல வருடம் கழித்து சக்கர நாற்காலியோடு மேடைக்குத் திரும்பி, 2019இல் பொசஸ்ட் பெயரில் புது ஆல்பம் கொடுத்தார். அந்தக் குரல் அப்படியே இருக்கிறது.

பேசியது போதும், கேட்போம். முதலில் மாண்டாஸின் 1984 டெமோ, அப்புறம் அதே வருடத்து பொசஸ்ட் டெமோ. இரைச்சல் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒலியைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள், தம்பி.