நாலரை கிலோ களவாவும் 60 ரூவா சண்டையும்

மக்களே வணக்கம், குரல் கம்மியிருக்கு, காலைல ஏலக்கூடத்துல போட்ட சண்டைதான் காரணம். இந்தா பாருங்க, நாலரை கிலோ களவா மீனு! தூத்துக்குடிக்கு வெளிய, தீவுங்களைத் தாண்டி 15 பாகம் தண்ணில கைத்தூண்டில்ல கெடச்சுது. இரை கடிச்சதும் நேரா பாருக்குள்ள, அதான் கடலடிப் பாறைக்குள்ள, பொந்துல நொழஞ்சு செவுளை விரிச்சு அடைச்சுக்கிச்சு. இழுத்தா தங்கூசிதான், அதான் தூண்டில் நரம்புதான், அறுக்கும், லூசு விட்டு இருபது நிமிஷம் சும்மா உக்காந்தேன், தானா வெளிய வந்துச்சு, அப்பதான் ஒரே இழு. அய்யோ, இரை சொல்லலையே, கணவாய்த் துண்டு, நமக்கு எப்பவும் அதான்.

கரைக்கு வந்தா ஒரு வியாபாரி "வயிறு வாய் வழியா வந்துருக்கு, பழைய மீனு"ன்னு கிலோவுக்கு 60 ரூவா கொறைக்கிறாரு. 270 ரூவா மக்களே! உயிரோட ஏத்துன மீனு, கண்ணு கண்ணாடி மாதிரி இருக்கு, செவுள் ரத்தச் செவப்பு, இது பழசாம்! 15 பாகம்னா 27 மீட்டர், அங்க அழுத்தம் மேல இருக்கறதைவிட மூணரை மடங்குக்கு மேல, சட்டுனு ஏத்துனா உள்ள இருக்க காத்துப்பை ஊதி வயித்தை வாய் வழியா தள்ளிரும். எவ்வளவோ சொன்னேன், கேக்கல, மீனைத் தூக்கிட்டு வீட்டுக்கே வந்துட்டேன். போன வீடியோல சின்ன மீனைத் திரும்பக் கடல்ல விடும்போது காத்தை எறக்க ஊசி குத்துங்கன்னு கமெண்ட் போட்டிருந்தீங்கல்ல, குத்தாதீங்க, வாய்ல தொங்குறது வயிறு, காத்துப்பை இல்ல. கல்லைக் கட்டி கீழ எறக்கி விட்டா போதும், அழுத்தம் கூடக் கூட காத்துப்பை தானா சுருங்கிரும்.

வீட்டுல அறுத்தா மஞ்சளா ரெண்டு பக்கமும் சினை. மனசு ஒரு மாதிரி ஆயிருச்சு. களவா மொதல்ல பொட்டையாதான் வளரும், பல வருஷம் கழிச்சு நல்லா பெருசான பெறகுதான் கடுவனா மாறும். அப்ப பெருசு பெருசா பாத்துப் புடிச்சா கடுவன் கொறையும், இந்த சைஸைப் புடிச்சா நாளைக்கு கடுவனாகப் போறதே போயிரும். களவா வாழ பாரு வேற வேணும், இங்க சுண்ணாம்புக்குன்னு பவளப்பாறையை வெட்டி வெட்டி விலாங்குசல்லித் தீவே தண்ணிக்குள்ள போயிருச்சு, 2001ல பவளத்தைப் பாதுகாக்கச் சட்டம் வந்தும் போன தீவு போனதுதான்.

அப்பறம் மறந்துட்டேன், வயித்தோட வெளிய வந்த நண்டு, இந்தா கிட்ட காட்டுறேன், ஒரு காலு கூட ஒடையல. களவா கடிச்சு மெல்லாது, வாயைத் தொறந்தா தண்ணியோட சேத்து உறிஞ்சிரும், பல்லு நழுவாம புடிக்கத்தான்.

தலைய அம்மா கொழம்பு வைக்காங்க. நாளைக்கும் அதே பாருக்குத்தான், ரெண்டு கிலோவுக்கு கீழ வந்தா கல்லு கட்டி எறக்குறதை முழுசா எடுத்துப் போடுறேன்.