சாந்தில் செய்த கல்

வணக்கம். பழைய பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்றைப் பற்றிப் பேசுங்கள் என்றார்கள். நான் உங்களை ஜப்பானுக்கு அழைத்துப் போகிறேன். மத்சுமோட்டோ என்ற மலைநாட்டு ஊர். அங்கே 1876இல் கட்டிய கைச்சி பள்ளி இன்னும் நிற்கிறது.

அதன் படத்தைப் பார்த்தால் முதலில் சிரிப்புத்தான் வரும். உச்சியில் எட்டுமூலைக் கோபுரம். கீழே கோயில் முகப்புபோல வளைந்த கூரை. அந்தக் கூரையடியில் சிறகு முளைத்த இரண்டு ஐரோப்பியக் குழந்தைகள் பள்ளியின் பெயர்ப்பலகையைப் பிடித்துக்கொண்டிருக்கும். அதற்கும் கீழே மேகம், அப்புறம் ஒரு டிராகன்! சுவர் மூலைகளில் கருங்கல் அடுக்கியதுபோலத் தெரியும். கிட்டே போனால் கல்லே இல்லை. மரக்கட்டடம், மேலே சுண்ணாம்புச் சாந்து பூசிக் கல் மாதிரி காட்டியிருக்கிறார்கள்.

கட்டியவர் தத்தேயிஷி செய்ஜூ என்ற உள்ளூர்த் தச்சர். நாற்பதைத் தாண்டியவர். அந்த ஊருக்கு ரயில் வந்ததே 1902இல்தான். அதற்கு வெகுகாலம் முன்பே டோக்கியோவுக்குப் போய், அங்கே புதிதாக எழும்பிய மேல்நாட்டுப் பாணிக் கட்டடங்களைப் பார்த்து, குறிப்பேட்டில் வரைந்துகொண்டு வந்தார். கல்லில் கட்ட அவருக்குத் தெரியாது, மரமும் சாந்தும் தெரியும். கண்ணில் பட்டதைக் கைக்குத் தெரிந்த வேலையில் செய்துவிட்டார். அந்தச் சிறகுக் குழந்தைகள்கூட ஒரு டோக்கியோ செய்தித்தாளின் தலைப்புப் படத்திலிருந்து வந்தவைதான். இதைப் போலி என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

சரி, இப்படி ஒரு பள்ளி கட்ட அவசரம் என்ன? 1872இல் ஜப்பான் அரசு ஒரு கல்விச் சட்டம் கொண்டுவந்தது. ஊரில் படிக்காத வீடு இருக்கக்கூடாது, வீட்டில் படிக்காத ஆள் இருக்கக்கூடாது என்றது. செலவை மட்டும் பெரும்பாலும் மக்கள் தலையிலேயே கட்டியது. வயலில் உதவும் பிள்ளையையும் அனுப்பி, கையிலிருந்து காசும் கொடுப்பதா? 1873இல் சில பகுதிகளில் கலகம் மூண்டு பள்ளிக்கூடங்களையே கொளுத்தினார்கள்.

அதே 1873இல் மத்சுமோட்டோவில் பள்ளி தொடங்கியது, மூடப்பட்ட ஒரு பௌத்தக் கோயிலில். பௌத்தத்தை ஒடுக்கிய காலம் அது. அந்த வட்டாரத்தில் கொஞ்சம் கடுமையாகவே நடந்தது. புதுக் கட்டடத்துக்கு அந்தக் கோயிலின் மரங்களும் போயின. மொத்தச் செலவு சுமார் 11,000 யென். அதில் ஏறக்குறைய பத்தில் ஏழு பங்கு ஊர்க்காரர்கள் கொடுத்தது. நம் பக்கம் கோயில் திருப்பணிக்குத் தலைக்கட்டு வாரியாகப் பிரிப்போமே, அந்த அளவு ஈடுபாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். வேறு ஊரில் தீ வைத்த அதே பாரத்துக்கு இந்த ஊர் கோபுரம் கட்டியது.

கிட்டத்தட்ட 90 ஆண்டுகள் அங்கே பாடம் நடந்தது. ஆற்றை அகலப்படுத்தும் வேலை வந்ததும், 1960களில் கட்டடத்தைப் பிரித்து அந்த ஊர்க் கோட்டைக்குப் பக்கத்தில் மறுபடி நிறுத்தினார்கள். மரக்கட்டடம் என்பதில் இப்படி ஒரு வசதி. 2019இல் தேசியப் பொக்கிஷம் ஆனது.

எனக்குப் பிடித்த செய்தி வேறு. பிற்காலத்தில் இந்தப் பள்ளி தனியாக ஒரு வகுப்பு நடத்தியது. அடுத்தவர் வீட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போன ஏழைச் சிறுமிகளுக்காக. குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டே அவர்கள் எழுத்துப் படிக்க வந்தார்கள்.