"எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள்

வணக்கம் நேயர்களே.

பத்துப் பதினைந்து ஆண்டுகளாகப் பீரோவுக்கு மேல் கிடந்த கேமராவை இறக்கித் தூசி தட்டி, மறுபடியும் படம் எடுக்கத் தொடங்கியிருப்பவர்களோடுதான் இன்றைக்குப் பேச்சு. எடுத்த படத்தை வீட்டில் காட்டினால் "சூப்பர்" என்பார்கள். வாட்ஸப் குழுவில் போட்டால் நாலு கட்டைவிரலும் ஒரு கும்பிடும் வரும். மனசுக்கு இதமாகத்தான் இருக்கும். ஆனால் அதை வைத்துக்கொண்டு நாளைக் காலையில் எதை மாற்றி எடுப்பது? உபயோகமான கருத்தைக் கேட்டு வாங்கத் தெரிய வேண்டும். அதற்கும் ஒரு பக்குவம் இருக்கிறது.

யாரிடமும் காட்டுவதற்கு முன்னால், குற்றம் உங்களுடையதா, சாமானுடையதா என்று பிரித்துவிடுங்கள். ஈரப்பதமான ஊரில் பூட்டி வைத்த லென்ஸில் பூஞ்சை பிடித்திருக்கும். லென்ஸைக் கழற்றி, வெளிச்சம் நுழையும் துளையை (அபர்ச்சர்) முழுக்கத் திறந்து, பின்பக்கத்திலிருந்து செல்போன் டார்ச்சை அடித்து முன்பக்கம் வழியாகப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. அது இருந்தால் வெயிலுக்கு எதிராக எடுத்த படம் வெளிறிப் போகும். பார்ப்பவர் "வெளிச்சம் சரியில்லையே" என்பார், நீங்களும் ஒரு மாதம் வெளிச்சத்தோடு மல்லுக்கட்டுவீர்கள். அதேபோல துளையை எஃப் 16 அளவுக்குச் சுருக்கி வெறும் வானத்தை இரண்டு மூன்று படம் எடுங்கள். ஒவ்வொரு படத்திலும் ஒரே இடத்தில் கரும்புள்ளி வந்தால் அது படம் பதியும் சென்சாரில் ஒட்டிய தூசி.

வயது கூடியவர்கள் மறந்துவிடுகிற ஒன்று, கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் பக்கத்தில் இருக்கும் சின்னத் திருகு. உங்கள் கண்ணுக்கு ஏற்ப அதைத் திருப்ப வேண்டும். திருப்பும்போது எதிரே இருக்கும் காட்சியைப் பார்க்காதீர்கள். உள்ளே ஓரத்தில் ஓடும் எண்கள் கூர்மையாகத் தெரியும்வரை திருப்புங்கள். கையால் ஃபோகஸ் செய்பவர்களுக்கு இது ஒன்றே பாதி வைத்தியம்.

அடுத்து, "தெளிவில்லை" என்ற சொல். மூன்று வேறு கோளாறுகளுக்கு ஜனங்கள் வைத்திருக்கும் ஒரே பெயர் அது. படத்தைக் கம்ப்யூட்டரில் நூறு சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். படத்தில் உள்ள அத்தனையும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை ஆடியிருக்கிறது. சுவர் தெளிவாக இருந்து, ஆள் மட்டும் இழுபட்டிருந்தால் ஆள் அசைந்திருக்கிறார். காது தெளிவாக இருந்து கண் மங்கியிருந்தால் ஃபோகஸ் தப்பான இடத்தில் விழுந்திருக்கிறது. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. கை ஆட்டத்துக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு: 50 மில்லிமீட்டர் லென்ஸ் என்றால் ஷட்டர் வேகம் 1/50 நொடிக்குக் குறையக் கூடாது, சிறிய சென்சார் கேமராவில் 1/80. ஆனால் பழக்கம் விட்டுப்போன கைக்கு அது போதாது, 1/125 வைத்துக்கொள்ளுங்கள். நடப்பவர்களுக்கு 1/250, ஆடுபவர்களுக்கு 1/500. இதற்காக, ஒளியுணர்வைக் கூட்டுகிற ஐஎஸ்ஓவை 1600க்கு ஏற்ற வேண்டி வந்தால் தயங்காமல் ஏற்றுங்கள். ஃபிலிம் காலத்துப் பயம் பலருக்கு இன்னும் போகவில்லை. கொஞ்சம் பொரிப்பொரியாகத் தெரியும், இழுபட்ட முகத்துக்கு அது எவ்வளவோ மேல். மூன்றாவது கோளாறுக்குப் பெரும்பாலும் அகலமாகத் திறந்த துளைதான் காரணம். அதே சிறிய சென்சாரில் 50 மில்லிமீட்டர் லென்ஸை எஃப் 1.8 வைத்து ஒரு மீட்டர் தூரத்தில் நின்று எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர்தான். மூக்கு நுனி தெளிந்தால் கண் போய்விடும். துளையைச் சுருக்கி எஃப் 4 வைத்தால் அந்த ஆழம் இரண்டு மடங்குக்கு மேல் ஆகும்.

இவ்வளவும் நீங்களே கண்டுபிடிக்கக்கூடியவை. இதையெல்லாம் அடுத்தவர் வாயால் கேட்பது அவர் நேரத்துக்கும் நஷ்டம், உங்களுக்கும் நஷ்டம்.

சரி, காட்டும் விதத்துக்கு வருவோம். ஐம்பது படத்தை அனுப்பினால் பார்ப்பவர் விரலால் தள்ளிக்கொண்டே போவார். ஐந்து போதும். எடுத்த அன்றைக்கே தேர்ந்தெடுக்காதீர்கள். ஒரு வாரம் போகட்டும், அந்த இடத்துக்குப் போய் எடுக்கப் பட்ட சிரமம் மறந்துவிடும், அப்போதுதான் படம் மட்டும் கண்ணுக்குத் தெரியும்.

வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டுப் போய்ச் சேரும், டாக்குமெண்டாக அனுப்புங்கள். ஒரு எச்சரிக்கை: அப்படி அனுப்பும் கோப்போடு ஷட்டர் வேகம், துளை, ஐஎஸ்ஓ எல்லாம் சேர்ந்தே போகும், அது நல்லது. இருப்பிடப் பதிவு இயங்கியிருந்தால் வீட்டு இருப்பிடமும் போய்விடும். அந்நியருக்கு அனுப்பும்போது அதை நீக்கிவிடுங்கள். கோப்பின் வண்ண அமைப்பு எஸ்ஆர்ஜிபியாக இருக்கட்டும், அடோப் ஆர்ஜிபியில் அனுப்பினால் சில திரைகளில் நிறம் செத்துத் தெரியும். திரை வெளிச்சத்தை முழுக்க ஏற்றி வைத்துத் திருத்தியவர் படம், அடுத்தவர் திரையில் இருட்டாகத்தான் இருக்கும். ஆகவே கண்ணை நம்பாமல், இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பாருங்கள்.

முடிந்தால் அச்சிட்டே காட்டுங்கள். 4க்கு 6 அங்குல அச்சு போதும். கடையில் "கலர் கரெக்‌ஷன் எதுவும் வேண்டாம், அப்படியே போடுங்க" என்று சொல்லிக் கொடுங்கள். சொல்லாவிட்டால் இயந்திரம் தானாக வெளிச்சம் ஏற்றிவிடும். பிறகு வருகிற விமர்சனம் அந்த இயந்திரத்தைப் பற்றியதாக இருக்கும். செல்போன் படங்கள் பெரும்பாலும் 4க்கு 3 விகிதம், அந்தத் தாளில் பொருந்தாது. கடைக்காரர் வெட்டினால் தலை போகும், நீங்களே வெட்டிக் கொடுங்கள்.

இப்போது கேள்வி. "எப்படி இருக்கு?" என்று கேட்டால் மரியாதைக்கு ஒரு பதில்தான் வரும். அதற்குப் பதிலாகப் படத்தைக் கையில் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். எங்கே எடுத்தது, எவ்வளவு நேரம் காத்திருந்தது, எதுவும் சொல்லாதீர்கள். பத்து நொடி கழித்துக் கவிழ்த்து வைக்கச் சொல்லி, "முதல்ல கண்ணு எங்க போச்சு? அடுத்து எங்க போச்சு? எந்த இடம் உறுத்துச்சு?" என்று கேளுங்கள். கோயில் வாசலில் பூக்கட்டும் அம்மாவை எடுத்திருக்கிறீர்கள். பார்த்தவர் முதலில் சொன்னது பின்னால் தொங்கிய மஞ்சள் பிளாஸ்டிக் குடத்தை என்றால், அந்தப் படத்தின் நாயகி அம்மா அல்ல. இதைவிடத் துல்லியமான விமர்சனம் எந்த நிபுணரும் தர மாட்டார். வானொலியில் படம் காட்ட முடியாது என்பார்கள். இந்தப் பயிற்சிக்கு வானொலிதான் குரு. பார்த்ததை ஒருவர் சொல்லால் சொல்லும்போது எதை விட்டுவிடுகிறாரோ, அது படத்தில் பதியவில்லை.

அமெரிக்க நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990ல் விமர்சனத்துக்கென்றே ஒரு முறை வகுத்தார். பார்த்தவர்கள் முதலில் தங்களைத் தொட்டது எது என்று சொல்வார்கள். பிறகு கலைஞர் தன் கேள்விகளைக் கேட்பார். மூன்றாவதாகப் பார்த்தவர்கள் கேட்பார்கள், ஆனால் கேள்விக்குள் தீர்ப்பை ஒளித்து வைக்கக் கூடாது. கடைசியில்தான் அபிப்பிராயம், அதுவும் கலைஞரின் அனுமதியோடு. "ஏன் இவ்வளவு இருட்டா எடுத்தீங்க?" என்பது கேள்வி மாதிரி வருகிற தீர்ப்பு. "வெளிச்ச அளவை எப்படி முடிவு பண்ணீங்க?" என்பதுதான் கேள்வி. இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லும்போதே உங்களுக்குத் தப்பு விளங்கிவிடும்: வெள்ளை வேட்டி சட்டைக்காரரை நெருங்கி எடுத்தீர்கள், கேமராவின் வெளிச்சம் அளக்கும் மீட்டர் எதையும் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும், ஆகவே வெள்ளையை இறக்கியது, முகமும் சேர்ந்து கறுத்தது. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பை (எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்) 0.7லிருந்து 1 வரை கூட்டியிருந்தால் முகம் தேறியிருக்கும்.

யாரிடம் கேட்பது? படக்கலை தெரிந்த ஒருவர் வேண்டும். அதைவிட முக்கியமாக, படத்தில் உள்ள விஷயம் தெரிந்த ஒருவர் வேண்டும். பரதநாட்டியப் படத்தை ஆடுகிறவரிடம் கொடுத்துப் பாருங்கள். ஃபோகஸ், நிறம் எல்லாம் அருமையாக இருக்கும் படத்தை ஒரே பார்வையில் ஒதுக்குவார். அடவு முடிவதற்கு முன்னாலேயே ஷட்டர் அடித்துவிட்டீர்கள், முத்திரை பாதியில் நிற்கிறது, முழங்கை தொங்குகிறது. நீங்கள் நின்றபடி மேலிருந்து எடுத்ததால், முழங்கால் மடித்து நிற்கும் அரைமண்டி குறுகித் தெரிகிறது. ஆடுபவரின் இடுப்பு உயரத்துக்குக் கேமராவை இறக்கி, தாளம் விழும் இடத்தில் அழுத்தச் சொல்வார். தறி படத்துக்கு நெசவாளி, படகுப் படத்துக்கு மீனவர். மூன்றாவதாக, எதுவும் தெரியாத ஒருவரும் இருக்கட்டும்; குடத்தைப் பார்ப்பவர் அவர்தான்.

போட்டிகளுக்கும் சலோன் எனப்படும் படக் கண்காட்சிகளுக்கும் அனுப்புவதை நான் தடுக்கவில்லை. ஆனால் அங்கே கிடைப்பது மதிப்பெண். 18 வாங்கிய படத்துக்கு ஏன் 18 என்று தாளில் எழுதியிருக்காது. 1853ல் லண்டனில் தொடங்கிய ராயல் ஃபோட்டோகிராஃபிக் சொசைட்டியின் முதல் நிலைத் தகுதிக்கு 10 படங்களை ஒரு தொகுப்பாகக் கொடுக்க வேண்டும். கொடுப்பதற்கு முன் ஆலோசனை பெறவும் வழி இருக்கிறது. அந்த ஆலோசனைதான் உண்மையில் பயன்படும். சென்னையிலும் 1850களில் வேர்விட்ட சங்கம் இருக்கிறது, ஃபோட்டோகிராஃபிக் சொசைட்டி ஆஃப் மெட்ராஸ்.

கேட்ட கருத்தை என்ன செய்வது? வலிக்கிற இடத்தைச் சொல்வதில் பார்ப்பவர் தப்புவதில்லை. மருந்து சொல்லும்போதுதான் தப்புவார். "இடது பக்கம் ஏதோ காலியா இருக்கு" என்றால் நம்புங்கள். "அதனால ஆளை மூன்றில் ஒரு பங்குக் கோட்டுல வெச்சிருக்கணும்" என்றால் அதை ஓரமாக எழுதி வையுங்கள். படத்தை மூன்றாகப் பிரித்து அந்தக் கோட்டில் ஆளை வை என்கிற அந்த மூன்றில் ஒரு பங்கு விதியை மனப்பாடமாகச் சொல்கிறவர்கள் நம்மிடையே ஏராளம். மூன்று பேரில் இரண்டு பேர் ஒரே இடத்தைக் காட்டினால் அங்கே கோளாறு உறுதி. கறுப்பு அட்டையில் 5 சென்டிமீட்டர் அகலத்துக்கு இரண்டு ‘ட’ வடிவம் வெட்டி, ஒன்றைத் தலைகீழாகத் திருப்பி எதிரெதிரே வைத்தால் சட்டம் ஆகிவிடும். அதை அச்சின்மேல் நகர்த்தி, வெட்டினால் தீருகிற கோளாறா, திரும்பப் போய் எடுக்க வேண்டியதா என்று பாருங்கள்.

திரும்ப எடுக்க வேண்டும் என்றால் அதே இடம், அதே லென்ஸ். ஒன்றை மட்டும் மாற்றுங்கள், நிற்கும் இடத்தையோ நேரத்தையோ. இரண்டையும் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. பிறகு பழையதையும் புதியதையும் ஒரே அளவில் அச்சிட்டு, எது புதியது என்று சொல்லாமல், முதலில் கருத்துச் சொன்ன அதே மனிதரிடம் கொடுத்து, பழையபடி பத்து நொடி.