பந்தை விட்டுக்கொடுத்த ஃபார்வர்டு

(ஏற்காட்டில் கோடைக் கால்பந்துப் பயிற்சி நிறைவு நாளன்று பேசியது. பேசியதை அப்படியே வைத்து, அங்கங்கே கொஞ்சம் திருத்தியிருக்கிறேன்.)

பெரியவர்களுக்கும், இந்தக் குளிரில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கும் அம்மா அப்பாக்களுக்கும், முன்வரிசையில் பூட்ஸைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கும் என் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

போன ஞாயிறு சேலத்துப் பையன்களோடு ஆடிய மேட்ச்சிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஆட்டம் முடிய மூன்று நிமிடம். ஒன்றுக்கு ஒன்று. நம் ஃபார்வர்டு வலது ஓரமாகப் பந்தை எடுத்துக்கொண்டு போய், இரண்டு பேரைத் தாண்டி உள்ளே வந்துவிட்டான். கோல்கீப்பர் அவனை மறிக்க முன்னால் ஓடி வருகிறான். இடது பக்கம் நம் பையன் ஒருவன் தனியாக நிற்கிறான். பக்கத்தில் ஆளே இல்லை. கையைத் தூக்கி "அண்ணா, அண்ணா" என்று கத்துகிறான். இவன் பாஸ் போடவில்லை. ஓங்கி அடித்தான். பந்து கம்பத்துக்கு மேலே பறந்து, வேலியைத் தாண்டி, காப்பித் தோட்டத்துச் சரிவில் உருண்டு போய்விட்டது. அதைத் தேடி எடுத்து வருவதற்குள் பனி இறங்கிவிட்டது. ஆட்டம் அப்படியே முடிந்தது.

அவனை யாரும் குறை சொல்ல வேண்டாம். நானும் ஃபார்வர்டாக இருந்தவன்தான். சேலம் ரயில்வேக்காரர்களோடு பல வருடம் ஆடியவன். கோல் கண்ணில் பட்டதும் மற்ற பத்துப் பேரும் மறைந்துபோகிற அந்த நொடி எனக்குத் தெரியும். அந்தப் பசி இல்லாதவன் ஃபார்வர்டே இல்லை. ஆனால் அந்தப் பசியை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர் கோச்சாக முடியாது. எனக்கு அது பிடிபடவே பல வருடம் ஆயிற்று. இந்தியாவில் அந்தத் தூரத்தை முழுதாகக் கடந்த ஒரு மனிதரைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன். பிரதீப் குமார் பானர்ஜி. கல்கத்தாவில் பி.கே. என்று சொன்னாலே போதும்.

1936-இல் ஜல்பைகுரியில் பிறந்தவர். ஜாம்ஷெட்பூரில் வளர்ந்தார். 15 வயதில் பீகாருக்காக, மாநிலங்கள் மோதும் சந்தோஷ் டிராபி ஆடினார். 1955-இல் டாக்காவில் நடந்த போட்டியில் இந்தியாவுக்காக இறங்கினார். அவர் ஆடிய இடம் வலது ஓரம். அந்தக் காலத்தில் அதை 'ரைட் அவுட்' என்பார்கள்.

இந்த இடத்தில் ஒரு ரயில்வேக்காரனாகக் கொஞ்சம் நின்று பேச அனுமதி கொடுங்கள். கல்கத்தாவில் பெரிய கிளப்புகள் மூன்று: மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங். பேரும் புகழும் வேண்டும் என்றால் அங்கேதான் போக வேண்டும். பி.கே. போகவில்லை. அவருக்கு வீட்டைத் தாங்கும் பொறுப்பு இருந்தது. ஈஸ்டர்ன் ரயில்வேயில் வேலை கிடைத்தது, அந்த அணியிலேயே கடைசிவரை ஆடினார். 1958-இல் அந்த ரயில்வே அணி கல்கத்தா லீகையே வென்றது. அந்த மூன்று கிளப்புகள் அல்லாத வேறோர் அணி மறுபடி அந்தப் பட்டத்தைத் தொட 2019 வரை ஆயிற்று. டூட்டி முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு ஓடிய என்னைப் போன்றவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லி முடியாது. சேலம் அப்போது ரயில்வேயின் பாலக்காடு கோட்டத்தில் இருந்தது. எங்கள் மெஸ்ஸில் பி.கே. பேச்சு வந்தால் சாப்பாடு ஆறிவிடும்.

சரி, ஜகார்த்தாவுக்கு வருவோம். 1962, ஆசிய விளையாட்டு. நம் கோச் ஹைதராபாத்தைச் சேர்ந்த சையது அப்துல் ரஹீம். பள்ளி ஆசிரியராக இருந்தவர். அப்போதே அவர் உடம்பில் புற்றுநோய் இருந்தது. அடுத்த வருடமே இறந்துவிட்டார். முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 2-0 என்று தோற்றோம். தாய்லாந்தோடு ஆடியபோது நம் டிஃபெண்டர் ஜர்னைல் சிங்குக்கு நெற்றியில் அடிபட்டுத் தையல் போட்டார்கள். அரையிறுதியில் ரஹீம் என்ன செய்தார் தெரியுமா? கட்டோடு நின்ற அந்த டிஃபெண்டரை ஃபார்வர்டாக முன்னால் அனுப்பினார். அவர் கோலும் அடித்தார்.

இறுதி ஆட்டத்தில் மறுபடியும் அதே தென் கொரியா. அரங்கத்தில் ஒரு லட்சம் பேர். இந்திய அதிகாரி ஒருவர் இந்தோனேசியாவை விமர்சித்துப் பேசியிருந்ததால் மொத்தக் கூட்டமும் நமக்கு எதிராகக் கூச்சல் போட்டது. நம் கோலில் நின்றவர் பீட்டர் தங்கராஜ். தமிழ்ப் பெயர்க்காரர், குன்னூர் பக்கம் வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் இருந்தவர். காய்ச்சலிலிருந்து எழுந்து வந்து நின்றார். 17-ஆவது நிமிடம் பி.கே. கோல் அடித்தார். 20-ஆவது நிமிடம், அந்தத் தையல் போட்ட நெற்றிக்காரர் ஜர்னைல் சிங் இரண்டாவது கோல் அடித்தார். 2-1. தங்கம்.

எல்லோரும் அந்தத் தங்கத்தைப் பேசுவார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது ஒன்று உண்டு. ஓர் ஆட்டக்காரனுக்குள் அவனே அறியாத இன்னோர் ஆட்டக்காரன் இருக்கிறான் என்பதை ரஹீம் பார்த்தார். அவர் பார்த்ததைப் பக்கத்தில் நின்று 26 வயதுப் பி.கே. பார்த்தார். அவர் கோச்சாக ஆனது அங்கேதான் என்பேன்.

1967-இல் ஆடுவதை நிறுத்தினார். 1970-இல் பாங்காக்கில், ஜி.எம்.எச். பாஷாவோடு சேர்ந்து அவர் தயார் செய்த இந்திய அணி வெண்கலம் வாங்கியது. ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் அதற்குப் பிறகு நமக்குப் பதக்கமே கிடையாது. 1972-இல் ஈஸ்ட் பெங்கால் அவரை அழைத்தது. யோசித்துப் பாருங்கள், ஆட்டக்காரராக அவர் போகாத கிளப், கோச்சாக வரச் சொல்லி அவர் வாசலில் நிற்கிறது. முதல் வருடமே அந்த அணி லீகில் ஒரு கோல்கூட வாங்காமல் பட்டம் வென்றது. 1975-இல் ஐ.எஃப்.ஏ. ஷீல்டு என்ற கோப்பையின் இறுதி ஆட்டத்தில் மோகன் பகானை 5-0 என்று அடித்தார்கள். அதற்கடுத்த வருடம் அந்த மோகன் பகானே அவரை அழைத்துக்கொண்டது. 1977-இல் ஈடன் கார்டன்ஸில், மழையில் ஊறிய சேற்றில், பெலே ஆடிய நியூயார்க் காஸ்மாஸோடு அவருடைய பையன்கள் 2-2 என்று டிரா செய்தார்கள்.

அவர் வைத்திருந்த மருந்துக்கு கல்கத்தாவில் 'வோக்கல் டானிக்' என்று பெயர். வாயால் கொடுக்கிற டானிக். ஆட்டத்துக்கு முன் உடை மாற்றும் அறையில் அவர் பேசுகிற பேச்சு. ஃபார்வர்டாக இருந்தவர் பொதுவாக என்ன பேசுவார்? "நானாக இருந்தால் அதை கோலாக்கியிருப்பேன்" என்பார். நான் முதல் நாலைந்து வருடம் அதைத்தான் பேசினேன். நல்ல பையன்கள் இரண்டு பேர் என்னால் ஆட்டத்தையே விட்டுப் போனார்கள். இன்றைக்கும் மனசில் உறுத்துகிறது. பி.கே. அப்படிப் பேசுகிறவர் இல்லை. தன் கோல் கணக்கை ஓரமாக வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்திருக்கிறவனின் கோலைப் பற்றிப் பேசுவார்.

1997 ஜூலை, சால்ட் லேக் அரங்கம். ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி, ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும். வந்திருந்தவர்கள் 1,31,781 பேர். மோகன் பகானின் கோச் அமல் தத்தா ஆட்டக்காரர்களை மைதானத்தில் நிறுத்துகிற தன் புதிய 'டைமண்ட்' முறையைப் பற்றிப் பெரிதாகப் பேசினார். எதிரணி ஆட்டக்காரர்களுக்குக் கேலிப்பெயரும் வைத்தார். கேலிக்கு ஆளானவர்களில் ஒருவர் சிக்கிமிலிருந்து வந்த 20 வயதுப் பையன், பாய்ச்சுங் பூட்டியா. நம்மைப் போல மலைக்காரர். ஈஸ்ட் பெங்காலின் கோச் யார்? 61 வயதுப் பி.கே. அந்தக் கேலியையே அவர் தன் பையன்களுக்கு டானிக்காக ஆக்கினார். பூட்டியா மூன்று கோல் அடித்தார். 4-1.

அர்ஜுனா விருது பெற்ற முதல் கால்பந்துக்காரர் அவர். பத்மஸ்ரீயும் வாங்கினார், ஃபிஃபாவின் கௌரவமும் வந்தது. 2020 மார்ச் 20 அன்று, கொரோனா ஊரை அடைக்கும் நேரத்தில் இறந்துபோனார். அந்த வாரம் அவரைப் பற்றி நாலு பேர் கூடிப் பேச முடியவில்லை. அந்தக் குறை எனக்கு இருந்துகொண்டே இருந்தது. இன்று கொஞ்சம் தீர்ந்தது.

போன ஞாயிறு மேட்ச் முடிந்ததும் நான் யாரிடம் போனேன் என்று சொல்லிவிடுகிறேன். பந்தை அடித்தவனிடம் போகவில்லை. இடது பக்கம் கையைத் தூக்கிக்கொண்டு நின்றானே, அந்தச் சின்னவனிடம் போனேன். "கண்ணு, நீ நின்ற இடம் சரியான இடம். அடுத்த மேட்ச்சிலும் அங்கேயே ஓடிப் போய் நில். பந்து வராவிட்டாலும் நில்" என்றேன். பெரியவன் நாலடி தள்ளி உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். தலையை நிமிர்த்தவில்லை.

இன்று காலைப் பயிற்சியில் அதே மாதிரி ஒரு வாய்ப்பு வந்தது. பெரியவன் இடது பக்கம் பார்த்துப் பாஸ் போட்டான். சின்னவன் பதற்றத்தில் வெளியே அடித்துவிட்டான். பந்து மறுபடியும் அதே சரிவில் இறங்கியது. நான் விசிலை எடுப்பதற்குள் பெரியவன் வேலியைத் தாண்டிக் காப்பிச் செடிகளுக்குள் ஓடிவிட்டான். பந்தோடு மேலே ஏறி வந்து, சின்னவன் காலடியில் வைத்து, "இன்னொரு தடவை அடிடா" என்றான்.