ஏலகிரிக்குச் சேர்ந்து ஏறுவோம்

நேயர்களுக்கு வணக்கம்.

ஜோலார்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் பொன்னேரியிலிருந்துதான் ஏலகிரிக்கு மலைச்சாலை பிரிகிறது. மேலே அத்தனாவூர் 1000 மீட்டருக்கு மேலான உயரத்தில் இருக்கிறது. இடையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். அவற்றுக்குப் பெயரும் உண்டு: திருவள்ளுவர், இளங்கோ, கம்பர், கபிலர், ஔவையார், பாரதியார் என்று புலவர்கள் ஒரு பக்கம், பாரி, காரி, ஓரி, பேகன் என்று வள்ளல்கள் ஒரு பக்கம். கூட்டமாகச் சைக்கிளில் ஏறுகிறவர்களுக்கு இது பெரிய வசதி. “கபிலர்ல நிக்கிறோம், பாரிக்கு முன்னாடி ஒருத்தருக்குச் செயின் கழண்டுடுச்சு” என்று போனில் சொன்னால் போதும், யார் எங்கே இருக்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

சைக்கிள் மன்றங்கள் மலைக்குப் போவதில் இரண்டு விதம் உண்டு. கடிகாரம் பார்த்து, யார் முதலில் என்று ஏறுவது ஒன்று. புதியவர், பழையவர், வயதானவர், பள்ளிப் பிள்ளை எல்லாரும் சேர்ந்து போய்ச் சேர்ந்து திரும்புவது இன்னொன்று. நான் பேச வந்தது இந்த இரண்டாவதைப் பற்றி. பார்க்க எளிதாகத் தெரியும். உண்மையில் நடத்துவதற்குக் கடினமானது இதுதான்.

சமவெளியில் கூட்டமாகப் போவது சுலபம். மணிக்கு 25, 30 கிலோமீட்டர் வேகத்தில் நம் உழைப்பில் பெரும்பகுதி காற்றைக் கிழிப்பதற்கே செலவாகிறது. வலுவான ஒருவர் முன்னால் போய் அந்தக் காற்றை வாங்கிக்கொண்டால், பின்னால் ஒட்டி வருபவருக்கு மிதிப்பது நன்றாகவே இலேசாகும். மலையில் இந்த உதவி கிடைக்காது. வேகம் 7, 8 கிலோமீட்டருக்கு இறங்கிவிடும். அங்கே காற்று ஒரு பொருட்டே இல்லை. உடம்பின் எடையையும் வண்டியின் எடையையும் அவரவர் கால்தான் தூக்கியாக வேண்டும். அதனால் இரண்டு வளைவு ஏறுவதற்குள் எந்தக் கூட்டமும் சிதறிவிடும். அது யாருடைய குற்றமும் இல்லை. அடுத்தவர் வேகத்துக்கு ஈடுகொடுத்து ஏறப் பார்த்தால் மூச்சு முட்டிப் பாதியில் உட்கார வேண்டியதுதான். அவரவர் வேகத்தில் ஏறட்டும் என்று விட்டுவிட்டு, குறித்த வளைவுகளில் மட்டும் கூடிக்கொள்வது நல்லது.

இந்தக் கூடும் இடத்தில்தான் பல மன்றங்கள் சறுக்குகின்றன. முன்னால் போனவர்கள் பத்து நிமிடம் நின்று, தண்ணீர் குடித்து, படம் எடுத்து, நன்றாக ஓய்ந்திருப்பார்கள். கடைசி ஆள் முகம் சிவந்து வந்து சேர்வார். உடனே “சரி, எல்லாரும் வந்தாச்சு, கிளம்பலாம்” என்பார்கள். ஓய்வு யாருக்குத் தேவையோ அவருக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது. இரண்டு முறை இப்படி நடந்தால் அடுத்த பயணத்துக்கு அவர் வரமாட்டார், காரணத்தையும் சொல்லமாட்டார். அதனால் எங்கள் மன்றத்தில் ஒரு விதி வைத்திருக்கிறோம்: எப்போது கிளம்புவது என்பதைக் கடைசியாக வந்தவர்தான் சொல்ல வேண்டும். முல்லைக்கொடிக்குத் தேரையே விட்டுக்கொடுத்தவன் பெயர் வைத்த வளைவில், வண்டியை நிறுத்திவிட்டு ஒருவருக்காகக் கால்மணி நேரம் காத்திருக்க நம்மால் முடியாதா?

நிற்கும் இடமும் முக்கியம். வளைவிலேயே நிற்கக் கூடாது. பேருந்து திரும்புவதற்குச் சாலை முழுவதும் வேண்டும். வளைவைத் தாண்டி, சாலையை விட்டு இறங்கி நில்லுங்கள். தின்பண்டப் பையைத் திறந்து போடாதீர்கள், குரங்குகள் உண்டு.

மன்றத்திலேயே அனுபவம் மிகுந்தவர் கடைசியில் வர வேண்டும். பம்பு, மாற்று டியூப், பஞ்சர் ஒட்டும் சாமான் எல்லாம் அவரிடம் இருக்கட்டும். ஏறுகிறவரிடம் அவர் ஓயாமல் பேச வேண்டியதில்லை. மூச்சு வாங்கும்போது பதில் சொல்வது பெரும்பாடு. பக்கத்தில் ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தால் போதும்.

அப்புறம், வண்டி. விலை உயர்ந்த கியர் சைக்கிள் 9 கிலோ இருக்கும். கேரியர் வைத்த சாதாரண சைக்கிள் 20 கிலோவை நெருங்கும். அரசு கொடுத்த பள்ளிக்கூடச் சைக்கிளில் வருகிற பெண்ணும் நம் கூட்டத்தில் உண்டு. கியர் இல்லாத வண்டியில் செங்குத்தான இடத்தில் இறங்கி உருட்டுவதுதான் முறை. உருட்டுவதும் பயணம்தான்.

கியரைப் பற்றிச் சொல்லும்போது பிரான்சின் போல் தெ விவி நினைவுக்கு வருகிறார். 1853 முதல் 1930 வரை வாழ்ந்த இவர், வெலோசியோ என்ற புனைபெயரில் எழுதியவர். செந்த் எத்தியேன் நகரை ஒட்டிய மலைச்சாலையில் நண்பர்களோடு ஏறி ஏறி, ஒரு வண்டிக்குப் பல கியர் வேண்டும் என்று வாதாடினார். கியர் மாற்றுவது பலவீனருக்கானது என்று பந்தயக்காரர்கள் ஏளனம் செய்த காலம் அது. டூர் து பிரான்ஸ் பந்தயத்திலேயே கியர் மாற்றும் கருவியை 1937இல்தான் அனுமதித்தார்கள். பசிக்கும் முன் சாப்பிடு, தாகம் எடுக்கும் முன் குடி, களைக்கும் முன் ஓய்வெடு, வீம்புக்காக மிதிக்காதே என்பவை அவர் சொன்ன அறிவுரைகள். நமக்கு வாழைப்பழமும் கடலை மிட்டாயும் உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறும் போதும். ஆனால் மூன்றாவது வளைவிலேயே தொடங்கிவிட வேண்டும்.

இறக்கம்தான் உண்மையான ஆபத்து. அத்தனாவூரிலேயே எல்லா வண்டியின் பிரேக் கட்டையையும் ஒருவர் பார்த்துவிட வேண்டும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள், வளைவுக்குள் போன பிறகு அல்ல. பிரேக்கைத் தொடர்ந்து பிடித்தபடி வந்தால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கலாம். விட்டு விட்டுப் பிடியுங்கள். நிதானமான ஒருவர் முன்னால் இறங்கட்டும், அவரை யாரும் முந்தக் கூடாது. எதிரே ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுவது மலைச்சாலை விதி. கை வலித்தால் நிற்பதற்கு வெட்கப்பட வேண்டாம்.

பொன்னேரியில் தலைகளை எண்ணிய பிறகே கலையுங்கள். ஏலகிரியை இப்படிச் சில முறை சேர்ந்து ஏறி இறங்கிப் பழகுங்கள். அடுத்து 20 வளைவுள்ள ஏற்காட்டைப் பார்க்கலாம். 70 வளைவுள்ள கொல்லிமலைக்கு அவசரமே இல்லை.

நன்றி, வணக்கம்.