பொடித் தங்கம் புடிக்கணுமா? முதல்ல சல்லடை வாங்குங்க

வணக்கம் மக்களே! இப்ப நான் கனடாவுல எட்மன்டன்ல, நார்த் சஸ்காச்சுவான் ஆத்தங்கரையில நிக்கறேன். பின்னாடி தெரியற கூழாங்கல் திட்டுல அள்ளின மண்ணுதான் இந்த வாளியில இருக்கு. 1860கள்லயே இங்க தங்கம் அரிக்க ஆளுங்க வந்துட்டாங்க. க்ளோவர் பார்னு ஒரு இடம் இருக்கே, அது அப்படி வந்த தாமஸ் க்ளோவர் பேர்ல அமைஞ்சதுதான். ஆனா கட்டி கட்டியா கிடைக்கும்னு நினைச்சு வராதீங்க. இங்க கிடைக்கறது மாவு மாதிரி பொடி.

எவ்வளவு பொடின்னா, ஒரு மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்கு அளவு துணுக்குனு வச்சுக்கங்க, ஒரு கிராம் சேர்க்கவே ஐம்பதாயிரம் வேணும். அதுலயும் நிறைய தகடு தகடா இருக்கும், இன்னும் லேசு.

நிறைய பேர் கேக்கறது, எந்த ஸ்லூஸ் பாக்ஸ், அதாவது மண்ணைத் தண்ணியோட ஓட விட்டு தங்கத்தைத் தேக்கற நீளத் தொட்டி, வாங்கலாம்னுதான். நான் சொல்றது, முதல் காசை சல்லடையில போடுங்க. ஒரே அளவு எடுத்தா தங்கம் தண்ணியை விட 19 மடங்கு கனம், அது கூடவே வர்ற இரும்புச் சத்து உள்ள கருமணல் அஞ்சு மடங்குதான், அப்புறம் ஏன் பிரியாதுனு தோணும். ஆனா ஒரு மில்லிமீட்டர் கருமணல் துகளை இந்தப் பொடித் தங்கத்தோட வச்சுப் பாருங்க, மணல்தான் இருநூறு மடங்குக்கு மேல எடை! தண்ணி எதை முதல்ல தள்ளும்? தங்கத்தைத்தான். எல்லாத் துகளும் ஒரே அளவுல இருந்தாத்தான் கனம் வேலை செய்யும். அதனால 30 மெஷ், 50 மெஷ், 100 மெஷ்னு மூணு சல்லடை வச்சுக்கங்க. மெஷ்ங்கறது ஒரு இஞ்சுக்கு எத்தனை ஓட்டைங்கற கணக்கு. 100 மெஷ்னா 0.15 மில்லிமீட்டர் ஓட்டை. சலிச்சதை ஒண்ணா கலக்காம தனித்தனியா ஓட்டுங்க.

ஸ்லூஸ் வச்சிருக்கறவங்க, ஒரு அடிக்கு ஒரு இஞ்ச் சரிவுல ஆரம்பிங்க. உயரமான ரிஃபிள், அதாவது குறுக்குத் தடுப்பு, வேணாம், வரி வரியா இருக்கற ரப்பர் மேட் போதும். வெளிய போற மண்ணை அப்பப்ப தட்டுல அரிச்சுப் பாருங்க. அதுல மஞ்சள் தெரிஞ்சா தண்ணி வேகம் அதிகம்னு அர்த்தம்.

இப்ப எனக்குப் பிடிச்ச சாமானுக்கு வரேன், மில்லர் டேபிள். கேமராவை கிட்ட கொண்டு வரேன், இருங்க. ஒரு பலகை, மேல கரும்பலகை மாதிரி சொரசொரப்பான கருப்புப் பரப்பு, அவ்வளவுதான். மேல இருந்து தண்ணி காகிதம் மாதிரி மெல்லிசா வழியுது, பாத்தீங்களா? தண்ணில பாத்திரம் கழுவுற சோப்பு ஒரே ஒரு சொட்டு விட்டிருக்கேன். இல்லைன்னா தகடு தண்ணி மேல மிதந்து அப்படியே போயிடும். இப்ப ஒரு ஸ்பூன் கருமணல் வைக்கறேன்... மணல் உருளுது, உருளுது... அந்தா! விளிம்புல ஒரு மஞ்சள் கீத்து நிக்குது பாருங்க. தங்கம் தட்டையா ஒட்டிப் படுத்திருக்கு, அடியில தண்ணி வேகம் கம்மி, அதனால நகரல. ஸ்பூன் ஸ்பூனாத்தான் போடணும். அவசரப்பட்டா இது உங்களுக்கான சாமான் இல்லை.

ப்ளூ பவுல்னு ஒரு கிண்ணம் இருக்கு, அதுவும் நல்லதுதான். தண்ணி சுழன்று லேசான மணலை நடுக்குழாய் வழியா இறக்கிடும். நிறைய கருமணல் இருந்தா முதல்ல அதுல குறைச்சுட்டு, மிச்சத்தை டேபிளுக்குக் கொண்டு வாங்க. கருமணலைப் பிரிக்க காந்தம் போடறவங்க தண்ணிக்குள்ள வச்சுப் போடுங்க. காஞ்ச மணல்ல போட்டா கொத்தா எழும்பும்போது தங்கத்தையும் சேர்த்து இழுத்துட்டு வரும்.

அப்புறம் பாதரசம். தயவுசெஞ்சு தொடாதீங்க. பொடித் தங்கத்தை லேசா பிடிக்கும், உண்மைதான். ஆனா சூடு பண்ணும்போது வர்ற ஆவிக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, உள்ள போய் நரம்பைக் கெடுக்கும். ஆத்துல சேர்ந்தா மீனுக்குப் போகும், மீன்ல இருந்து குழந்தைங்களுக்குப் போகும். இதைக் கட்டுப்படுத்தத்தான் மினமாட்டாங்கற சர்வதேச ஒப்பந்தமே 2017ல நடைமுறைக்கு வந்துச்சு. கையில இவ்வளவு சாமான் இருக்கும்போது அது நமக்கு எதுக்கு?

ஆத்துல இறங்கறதுக்கு முன்னாடி இந்த மாகாணமான ஆல்பர்ட்டாவோட அரசு விதியைப் படிச்சுடுங்க. தட்டுக்கும் மண்வெட்டிக்கும் விதி வேற, ஸ்லூஸ் போடறதுக்கு வேற.

ஒரு விஷயம், டேபிள்ல இருந்து வழிஞ்ச கருமணலைக் கொட்டிடாதீங்க. ஒரு மூடி போட்ட வாளியில சேர்த்து வைங்க. குளிர்காலத்துல ஆறு உறைஞ்சு கிடக்கும்போது, வீட்டு பேஸ்மென்ட்ல உக்காந்து இன்னொரு தடவை சலிச்சு ஓட்டலாம்.